எலுமிச்சம்பழத்துக்கு ஒரு முழம்

அருப்புக்கோட்டை நெல்லுக்கடைத் தெருவில், பல் செட் கட்டும் தனுஷ்கோடியின் வீட்டு முன்னறையிலிருந்து, ஒரு சாண்கூட நீளமில்லாத யுத்த டாங்கி ஒன்று ஆடி மாதம் ஐந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, ஓர் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ஒரு முழம் நகர்ந்து நின்றது. அன்றைக்குத் தெருவில் தண்ணீர் வரும் நாள் என்பதால் முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடங்களை நிரப்பி உள்ளே வைத்துவிட்டு வந்துதான் பார்த்தோம்.

தனுஷ்கோடியைப் பற்றிச் சொல்வதானால் அவர் விரல்களிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், வாயிலிருந்து ஆரம்பித்தால் சொல்ல ஒன்றும் இருக்காது. நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, பேச்சு குறைவு, ஆனால் அந்த விரல்கள் மெழுகையும் அக்ரிலிக்கையும் தொட்டுவிட்டால் போதும், பொக்கை வாய்க்காரர் கரும்பு கடிப்பார். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவர் கட்டிய பல்லில்தான் சிரிக்கிறோம், அவர் கட்டிய பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டுதான் சண்டை போடுகிறோம். அவர் குடியிருந்தது குருநாதன் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில். குருநாதன் முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாடியில் மனைவி பேச்சியம்மாளோடு இருந்துகொண்டு, தெருவில் போகிற எல்லா வண்டிகளையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

வீட்டுக்கு நேர் எதிரே இல்லாமல், கொஞ்சம் சாய்வாக, தெருவின் மறுபக்கத்தில் இருந்தது அரசி டிரைவிங் ஸ்கூல். நடத்தியவள் மங்கையர்க்கரசி. நாற்பத்து மூன்று வயது, கட்டினவனிடமிருந்து விவாகரத்து வாங்கிப் பத்து வருஷம் ஆகிறது, அந்தப் பத்து வருஷத்தில் எண்ணூறு பேருக்காவது வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருப்பாள். அவளுடைய வெள்ளைக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் காலடியில் இன்னொரு பிரேக். அவள் ஒருநாளும் கத்தியதில்லை, எதுவும் சொல்லாமல் ஒரு மிதி மிதிப்பாள், அவ்வளவுதான்.

அந்தக் காரில் தனுஷ்கோடி நான்கு முறை படித்தார், நான்கு முறையும் லைசென்ஸ் டெஸ்டில் கோட்டை விட்டார். மைதானத்தில் எட்டுப் போடும்போது, பின்சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க, இரண்டாவது வளையத்தில் வண்டி குலுங்கி நின்றுவிடும். அரசி அமைதியாக, "அடுத்த பேட்ச்ல சேந்துக்கோங்க சார்" என்பாள், இவரும் பரிசு வாங்கினவர் மாதிரி முகமெல்லாம் மலர்ந்து வீட்டுக்கு வருவார். வேண்டுமென்றே ஃபெயிலாகிறார் என்பது தெருவின் முடிவு. அப்படியில்லை, அவள் பக்கத்தில் இருந்தாலே கால் தன்னால் உதறிவிடுகிறது என்பது அவருடைய கவலை. அவளை அவ்வளவு பிடித்திருந்தது அவருக்கு. அதைச் சொல்லும் துணிச்சல்தான் விரலிலும் இல்லை, நாக்கிலும் இல்லை.

நான்காவது ஃபெயிலுக்குப் பிறகு, ராணுவத்தில் டாங்கி ஓட்டி ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் பல் செட்டுக்கு அச்சு எடுக்க வந்து வாயைத் திறந்தார். திறந்தவர்தான், மூன்று வாரம் டாங்கிகளைப் பற்றியே பேசினார். அவர் சொன்ன ஆயிரம் சங்கதிகளில் ஒன்று மட்டும் தனுஷ்கோடியின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது: இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மாப் பக்கம் ஓடிய ஸ்டூவர்ட் என்கிற சின்ன டாங்கியில் முன்னால் இரண்டு இருக்கை, இரண்டுக்கும் தனித்தனி லீவர், அதனால் இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் திருப்பலாம், யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

இருந்தாலும் மனுஷன் அவசரப்படவில்லை. முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு, நாமே ஒட்டிக்கொள்ளும்படி விற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அப்படி விற்கிற டாங்கிகளின் படங்களையெல்லாம் அச்செடுத்துச் சுவரில் வரிசையாக ஒட்டி, எட்டு மாதம் பார்த்தார். ஜெர்மன்காரன் டாங்கி ஒன்று மிடுக்காக இருந்தது, ஆனால் அதைப் பார்த்தாலே யாரையோ அதட்டுவதுபோல் பட்டது. ரஷ்யக்காரனுடையது உறுதியானது, ஆனால் உள்ளே இருக்கிறவன் முட்டியை மடக்கிக்கொண்டு தனியாகக் கிடக்க வேண்டும். இன்னொன்றில் பீரங்கியின் நீளமே வீட்டு வாசலுக்குச் சரிவராது. மாடியிலிருந்து சேமியா பாயசம் கொண்டுவந்த பேச்சியம்மாள் சுவரைப் பார்த்துவிட்டு, "பொண்ணு போட்டோ ஒட்டிப் பாக்க வேண்டிய வயசுல பீரங்கி வண்டியா ஒட்டிப் பாக்குறாரு, வெளங்கும்" என்று சொல்லிப் போனாள். கடைசியில் அவர் ஸ்டூவர்ட்டையே வாங்கினார். எட்டு மாதமும் அதைத்தான் வாங்கப்போகிறோம் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

பெட்டி பங்குனியில் வந்தது. இருநூற்று எண்பது துண்டுகள், எல்லாம் நம்பர் போட்ட பிளாஸ்டிக் சட்டங்களில் காய்போல் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் கட்டர் வைத்து நறுக்கி, பல்லுக்குப் போடுகிற உப்புத்தாளில் தேய்த்து, சங்கிலிச் சக்கரத்தின் கண்ணிகளைப் பூத்தொடுக்கிற மாதிரி ஒன்றோடொன்று கோத்து, இடைவெளி விழுந்த இடத்திலெல்லாம் ஈறுக்குப் பூசும் ரோஸ் நிற அக்ரிலிக்கை வைத்து அடைத்தார். பெயின்ட் அடிக்கும்வரை அந்த டாங்கிக்கு ஈறு இருந்தது. முன்விளக்கு ஒன்று எங்கோ தெறித்துத் தொலைந்துபோனது, அதற்குப் பதிலாக ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கி வைத்தார். மூடிவிட்டால் வெளியே தெரியாது என்று தெரிந்தும், முன்பக்கத்து இரண்டு இருக்கைகளுக்கும் இரண்டு ஜோடி லீவர்களுக்கும் மட்டும் பத்து நாள் உட்கார்ந்தார். அதிலும் இடதுபக்க லீவரை மட்டும் மூன்று தரம் பிய்த்து ஒட்டினார்.

ஆடி நான்காம் தேதி பச்சைப் பெயின்ட் காய்ந்தது. மறுநாள் காலையில் வாடகை விஷயமாக எதுவும் பேச வராமல் சும்மாவே வந்த குருநாதன், மேஜைமேல் முடிந்து நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியே, "பூசை போட்டாச்சா தம்பி?" என்றார்.

"இது பொம்மைண்ணே."

"என்னத்தப் பொம்ம? சக்கரம் இருக்குல்ல? சக்கரம் இருந்தா வண்டி. வண்டின்னா பூசை. நான் முப்பத்திரண்டு வருசத்துல ஒரு நா பழம் வைக்காம புது வண்டிய டெப்போவ விட்டு எடுத்ததில்ல."

"ஆடி மாசமாச்சேண்ணே."

"வண்டி பங்குனியிலயே வந்தாச்சுல்ல? அப்பறம் என்ன ஆடி?"

தர்க்கத்தில் தனுஷ்கோடி எப்போதும் தோற்பவர். டாங்கியைத் தரையில் இறக்கி வைத்து, முன்னால் சந்தனம் குங்குமம் இட்டு, பீரங்கிக் குழாயில் ஒரு கனகாம்பரத்தைச் செருகி, இருக்கிறதிலேயே சின்ன எலுமிச்சம்பழமாகப் பார்த்துச் சங்கிலிச் சக்கரத்தின் முன்னால் வைத்தார்கள். அப்படியும் பழம் வண்டியில் பாதி உயரம் இருந்தது. சூடம் காட்டும்போது குருநாதன், "மொத சவாரி எந்தக் கோயிலுக்குன்னு மனசுல நெனச்சுக்கிட்டு, வண்டியத் தொட்டுக் கும்பிடுங்க தம்பி" என்றார். இங்கேதான் தப்பு நடந்தது. தனுஷ்கோடி டாங்கியில் விரலை வைத்தார், கண்ணை மூடினார், கோயிலை நினைக்க வேண்டிய நேரத்தில் திறந்திருந்த வாசல் வழியாக எதிரே கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அரசியின் வளையல் சத்தம் காதில் விழ, அங்கேயே நினைத்துவிட்டார்.

டாங்கி உறுமவில்லை, புகைவிடவில்லை. பழத்தின்மேல் ஏறியது, பழம் தாள்போல் நசுங்கியது, ஒரு முழம் போய் நின்றது. தனுஷ்கோடி அதைத் தூக்கப் போனார், அசையவில்லை. குருநாதன் பிடித்தார், பிறகு தண்ணீர் பிடித்து முடித்து வந்த நாங்கள் எட்டுப் பேர் பிடித்தோம், லாரிக்குப் போடும் ஜாக்கியைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தோம், ஜாக்கி வளைந்தது. நிஜ ஸ்டூவர்ட்டின் எடை பதினைந்து டன் என்று பெட்டியில் போட்டிருந்தது, அந்தப் பதினைந்து டன்னும் அதற்குள் வந்து இறங்கியிருந்தது. தரையில் சிமென்ட் மட்டும் ஏன் வெடிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை, அந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் பக்கத்தில் நின்றிருந்ததால் பெருமையை அவரே எடுத்துக்கொண்டார்.

மறுநாளும் ஒரு பழம் வைத்தார்கள், மறுநாளும் ஒரு முழம். ஒரு நாளைக்கு ஒரு பழம்தான், இரண்டாவது வைத்தால் சீந்தவில்லை. பின்னால் வைத்தால் திரும்பிப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் வைத்தால் மதிக்கவில்லை, ஒரே நேர்கோடு. ஐந்தாம் நாள் வாசல்படியைத் துளிகூடச் சிராய்க்காமல் இறங்கித் தெருவுக்கு வந்தது. அது எங்கே போகிறது என்கிற கேள்வி அப்போதுதான் எழுந்தது. கொத்தனார் தன் நூற்கண்டை எடுத்து வந்து, ஒரு முனையை முன்னறையில் பூசை நடந்த இடத்தில் வைத்து, டாங்கியின் முதுகுவழியாக நேராக இழுத்துக்கொண்டே போனார். போஸ்ட் கம்பத்தைத் தொடாமல், சாக்கடையைத் தாண்டி, நூல் போய் நின்ற இடம் அரசி டிரைவிங் ஸ்கூல் வாசல்படியை ஒட்டி, அரசி உட்கார்ந்து விண்ணப்பப் பாரம் நிரப்பும் நாற்காலி. நாற்காலியில் அரசியும் இருந்தாள். நூல் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கொத்தனார், "முப்பத்தோரு முழம்" என்று அளவை மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

குழாயடியில் குடம் நிரம்பித் தண்ணீர் வழிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். நான்கு பேட்ச்சுக்கும் அர்த்தம் புரிந்துவிட்டது. தனுஷ்கோடி கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாரம் அவர் கட்டிய பல் செட் ஒன்றில் மேல்வரிசையில் பதினாலுக்குப் பதில் பதினாறு பல் இருந்தது. வாங்கிக்கொண்டு போன டீக்கடைக்காரர் இன்றுவரை அதைக் கழற்றச் சம்மதிக்கவில்லை.

பேச்சியம்மாள்தான் முதலில் போய் அரசியிடம் கேட்டாள். "ஏத்தா, அது ஒன்னத் தேடித்தான் வருது போலருக்கே?"

"எனக்கு வர்றதுன்னா ஆளு வந்து சொல்லணும் பேச்சியக்கா. இது என்ன, கூரியரா?"

சொல்லிவிட்டு அவள் பாரம் நிரப்பப் போய்விட்டாள். ஆனால் அன்றிலிருந்து புதிதாகப் படிக்க வருகிறவர்களை டாங்கியைச் சுற்றித்தான் திருப்பச் சொன்னாள். "இண்டிகேட்டர் போடாம நிக்கிது பாருங்க, அந்த மாதிரி வண்டிகிட்டதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்" என்று அவள் சொன்னது முன்னறைக்குள் பதுங்கியிருந்தவருக்கும் கேட்கத்தான் செய்தது.

எங்கள் தெருவுக்கு எதுவும் மூன்று நாள்தான் அதிசயம். நான்காம் நாள் அது முகவரி. "டாங்கிக்கு ரெண்டு வீடு தள்ளி" என்று கல்யாணப் பத்திரிகைக்காரர்களுக்கு வழி சொன்னோம், மினிபஸ் டிரைவர் அதைத் தன் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் விட்டுச் சாமர்த்தியமாகக் கடந்து போனார், வாசல் தெளிக்கிற பெண்கள் அன்றன்றைக்கு அது எங்கே நிற்கிறதோ அந்த இடத்தை நடுப்புள்ளியாக வைத்துக் கோலத்தை இழுத்தார்கள், மிளகாய் வற்றல் காயப்போடுகிறவர்கள் காற்றில் துணி பறக்காமலிருக்க ஒரு ஓரத்தை அதன் அடியில் செருகப் பார்த்துத் தோற்றார்கள், ஸ்கூட்டியில் வந்து அதன்மேல் மோதிய ஒருவர் விழுந்து எழுந்து, வளைந்துபோன முன்சக்கரத்தைப் பார்த்துவிட்டு, டாங்கியிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். ஆக்கிரமிப்பு நோட்டீஸ் ஒட்ட வந்தவர், நோட்டீஸ் டாங்கியைவிடப் பெரியதாக இருந்ததால் அதைப் போர்த்திவிட்டுப் போக வேண்டியதாயிற்று. புது எஸ்.ஐ. ஒருவர் வந்து குனிந்து, "கன்னு வேல செய்யுமா?" என்றார். பிளாஸ்டிக் என்றோம். "வெயிட்டு பதினஞ்சு டன்னு, கன்னு மட்டும் பிளாஸ்டிக்கா?" என்று சந்தேகத்தோடு பீரங்கிக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று குறிப்பெடுத்துக்கொண்டார்.

யார் பழம் வைப்பது என்பதற்கு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டோம். தனுஷ்கோடி கெஞ்சினார். "வேண்டாம்ணே, வைக்காதீக. மானம் போகுது. அந்த அம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்று குருநாதனிடம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். குருநாதனோ, பாதி வழியில் வண்டியை நிறுத்தினால் பின்னால் வருகிறவன் என்ன செய்வான் என்று கேட்டார். ஒன்பதாம் நாள் தனுஷ்கோடி ஒரு டிராக்டரை அழைத்து வந்து, தாம்புக்கயிறு கட்டி, டாங்கியைத் திரும்ப வீட்டுக்கு இழுக்கப் பார்த்தார். கயிறு அறுந்தது. அறுந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிரே படியில் அரசி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகம் வாடியிருந்தது. இழுத்துக்கொண்டு போகப் பார்த்ததில்தான் அவளுக்கு வருத்தம் என்று அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது, உறைத்ததும் அந்த நாற்பத்தாறு வயது மனுஷனுக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் முகம் கழுவி, சட்டை மாற்றி, பழத்தை அவரே கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு வேறு யாரையும் வைக்க விடவில்லை.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இடி விழுந்தது. டிரைவிங் ஸ்கூல் இருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள், அரசி திருமங்கலத்தில் இடம் பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டாள். ஆடியில் கடை மாற்றக் கூடாது என்பதற்காகத்தான் இதுவரை இருக்கிறாள், ஆவணி ஒன்றாம் தேதி காலையில் சாமான் ஏற்றிக்கொண்டு போய் அங்கே பால் காய்ச்சுகிறாள். கொத்தனார் கரித்துண்டால் சுவரில் கணக்குப் போட்டார். ஆடி ஐந்தில் ஆரம்பித்து முப்பத்தொன்றுவரை இருபத்தேழு பழம், தூரம் முப்பத்தோரு முழம். நான்கு முழம் துண்டு விழுந்தது.

அந்த நான்கு முழத்துக்காக எங்கள் தெரு பட்ட பாட்டை எந்த யுத்தத்திலும் யாரும் பட்டிருக்க மாட்டார்கள். பெரிய பழமாக வைத்துப் பார்த்தோம், நாரத்தங்காய் வைத்துப் பார்த்தோம், சாறு பிழிந்து சக்கரத்தில் ஊற்றினோம், எலுமிச்சைச் செடியையே தொட்டியோடு கொண்டுவந்து முன்னால் நிறுத்தினோம். ஊறுகாய் வைத்தபோது ஒரு விரற்கடை பின்னால் போய்விட்டது, அதோடு சோதனைகளை நிறுத்திக்கொண்டோம். மூன்றாவது வெள்ளிக்கிழமை அதைவிட மோசம்: ஊரிலுள்ள அத்தனை எலுமிச்சம்பழமும் அம்மனுக்கு மாலையாகிவிட்டது, சந்தையில் ஒன்றுகூட இல்லை. தனுஷ்கோடி வெறுங்கையோடு கோயில் வாசலில் போய் நின்றார். வாயைத் திறந்து கேட்கவில்லை, அவர்தான் கேட்கிற ஆளில்லையே. பூசாரி அவரைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், நூற்றெட்டுப் பழ மாலையின் கடைசிப் பழத்தை உருவிக் கையில் கொடுத்தார்.

"ஒண்ணு கொறஞ்சா ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டா. கல்யாணக் காரியம்ல" என்றார்.

கல்யாணம் என்கிற வார்த்தையை முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது அவர்தான். அதுவரை நாங்கள் டாங்கியைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆவணி ஒன்று. மினி லாரி வந்து நின்றது. மேஜை, நாற்காலி, சாலைக் குறியீட்டுப் படங்கள் எல்லாம் ஏறின, பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். நான்கு முழம் தள்ளி டாங்கி நின்றுகொண்டிருந்தது. தனுஷ்கோடி இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, குனிந்து, பழத்தை வைத்துவிட்டு நகர்ந்தார். தெரு மொத்தமும் மூச்சைப் பிடித்தது. டாங்கி பழத்தைத் தொடவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று, லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பேச்சியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அரசி கார் சாவியோடு படிக்கு வந்து நின்றாள். "இன்னும் எம்புட்டுத் தூரம் சார் வரணும் அது?"

"நாலு முழம், மேடம்."

"நாலு முழம்னா உங்க காலுக்கு எத்தனை எட்டு?"

அவர் தன் கால்களை அன்றைக்குத்தான் யாரோ மாட்டிவிட்டதுபோல் குனிந்து பார்த்தார். "மூணு. நீட்டி வச்சா ரெண்டரை."

"நீட்டியே வைங்க."

டாங்கியைத் தாண்டி, பழத்தைத் தாண்டி, தனுஷ்கோடி நடந்தார். இரண்டரை எட்டில் படி வந்துவிட்டது. அவ்வளவு பக்கத்தில், காரில் தவிர, அவர் அவளுக்கு எதிரே நின்றதே இல்லை. நாங்கள் எல்லோரும் அவர் சொல்லப்போகிற வார்த்தைக்காகக் கழுத்தை நீட்டினோம்.

"அஞ்சாவது பேட்ச்ல சேரணும், மேடம்" என்றார்.

"கெட்டுச்சு போ" என்று பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஸ்கூலுதான் திருமங்கலம் போகுதே" என்றாள் அரசி.

"வாரேன்."

"தெனம் பஸ்ல ஒன்னேகால் மணி நேரம்."

"வாரேன், மேடம்."

"சரி. இந்தத் தடவ பாஸாயிட்டா என்ன செய்வீங்க?"

அவர் நாற்பத்தாறு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் ஒரேயடியாகப் பேசினார். "பாஸாக மாட்டேன் மேடம். எத்தன பேட்ச் போடுறீகளோ அத்தனைக்கும் வருவேன். எனக்கு லைசென்ஸ் வேண்டாம். ஒங்க பக்கத்துல உக்காரணும், அதுதான் வேணும். இந்தா நிக்கிதே, இதுல முன்னாடி ரெண்டு சீட்டு. ரெண்டு பேரும் ஓட்டலாம், ரெண்டு பேரும் நிறுத்தலாம். எட்டு மாசம் பாத்து அதுக்காகத்தான் இத வாங்குனேன். எனக்கு உங்களக் கட்டிக்கிடணும்."

அரசி சாவிக்கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பிறகு தாழ்ந்த குரலில்தான் சொன்னாள், ஆனால் அன்றைக்குத் தெரு இருந்த அமைதியில் கடைசி வீடுவரைக்கும் கேட்டது.

"நாலு தடவையும் நீங்க ஒழுங்காத்தான் ஓட்டுனீங்க."

"இல்ல மேடம், அந்த ரெண்டாவது வளையத்துல என் காலு..."

"உங்க காலு சரியாத்தான் இருந்துச்சு. பிரேக்க மிதிச்சது நான்."

குருநாதனுக்குத்தான் தாங்கவில்லை, முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் பொங்கிவிட்டது. "அது தப்புல்லம்மா! டெஸ்டுல போயி..."

"தப்புதாண்ணே" என்றாள் அரசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி. "பாஸாயிட்டா இவரு அப்பறம் எதுக்கு வருவாரு?"

பழத்தை டாங்கி அன்றைக்கும் தொடவில்லை, மறுநாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் வாசல் பெருக்கிக்கொண்டு வந்த பேச்சியம்மாள், விளக்குமாற்றை இடுக்கிக்கொண்டு, ஞாபகமில்லாமல் ஒரு கையால் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, நாலு வீடு பெருக்கிப் போன பிறகுதான் என்ன செய்தோம் என்று உணர்ந்து விளக்குமாற்றைக் கீழே போட்டாள். ஆனால் அது பிறகு நடந்த சங்கதி.

ஆவணி ஒன்றாம் தேதி காலையில் முதலில் லாரி கிளம்பியது. அரசி காரின் கதவைத் திறந்தாள். தனுஷ்கோடி கூச்சத்தில் இடதுபக்கம், விருந்தாளிபோல் ஏறப் போனார்.

"அந்தப் பக்கம் என்னோடது" என்று சாவியை நீட்டினாள். "எல்எல்ஆர் இருக்கா?"

"நாலு இருக்கு."

அவர் வண்டியை எடுத்தார். பல்லுக்கு மெழுகு வைக்கிற அதே நிதானத்தோடு கிளட்சை விட்டு, டாங்கியைச் சுற்றி, கோலத்தைக் கலைக்காமல், எருமைக்கு வழிவிட்டு, தெருவின் நடுவில் வந்து சேர்ந்தார். நாங்கள் அத்தனை பேரும் காரின் பின்பக்கச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேரில் யார் மிதித்தாலும் அது எரியும். டீக்கடை தாண்டியது, எரியவில்லை. கோயில் தாண்டியது, எரியவில்லை. தெருமுனையில் அந்த வெள்ளைக் கார் கொஞ்சம் சாய்ந்து திரும்பி மறைகிற கடைசி நொடிவரை அந்த விளக்கு எரியவே இல்லை.

"வளைவுலயாவது மிதிக்கலாம்ல" என்று குருநாதன் முணுமுணுத்தார்.